துருத்தியின் இரண்டு திசைகள்: ஜோ கூலியும் ஐரிஷ் அக்கார்டியனும்

1973 நவம்பர் மாதக் கடைசி. அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தில் பீட்டர்ஸ்வெல் என்ற சிற்றூர். அங்குள்ள லஹிஃப் மதுக்கடையில் 49 வயதான ஒருவர் மடியில் பட்டன் அக்கார்டியனோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய சகோதரர் ஜாக், பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறையோடு. இன்னொரு பக்கம் டெஸ் மல்கேர், பாஞ்சோவோடு. கடை நிறைய ஊர்க்காரர்கள். நடுவில் ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது. வாசிக்கிறவருக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 20-ஆம் தேதி, அவர் இறந்துபோனார்.

அவர் ஜோ கூலி. அன்றைய பதிவைப் பெரும்பகுதியாகக் கொண்டு 1975-இல் கேல் லின் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அவருடைய குடும்பப் பெயர்தான் அதன் தலைப்பு. உயிரோடு இருந்த காலத்தில் தன் பெயரில் ஓர் ஆல்பம்கூட வெளியிடாத மனிதர். ஆனாலும் ஐரிஷ் மரபிசையில் பட்டன் அக்கார்டியனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. மேடையில் பெரிய வித்தகர்கள் என்று பெயரெடுத்தவர்கள்கூட அவரைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பதிவுகளே அதிகம் இல்லாத ஒருவர் ஒரு கருவியின் வரலாற்றில் இப்படி இடம்பிடித்தது எப்படி? பல வருடமாக அந்த ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறவன் நான். எனக்குக் கிடைத்த விடை அந்தப் பெட்டியின் துருத்திக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் அவர் பிறந்த ஊரைப் பார்த்துவிடுவோம்.

பீட்டர்ஸ்வெல் இருப்பது ஸ்லீவ் ஆட்டி மலைகளின் ஓரத்தில். கால்வேக்கும் கிளேருக்கும் எல்லை போல நிற்கும், அதிக உயரமில்லாத, கரிசேறு படிந்த மலைகள். 1924-இல் ஜோ பிறந்த வீட்டில் அப்பா, அம்மா இருவருமே மெலோடியன் வாசிப்பவர்கள். மெலோடியன் என்றால் ஒற்றை வரிசையில் பத்துப் பொத்தான்கள் மட்டும் உள்ள சிறிய அக்கார்டியன். ஜோ ஏறக்குறைய பத்து வயதில் வாசிக்கத் தொடங்கினார். ஆசிரியர் என்று தனியாக யாரும் தேவைப்படவில்லை. அடுப்பங்கரையிலேயே இசை நடந்துகொண்டிருந்தது.

அடுப்பங்கரை என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. மேற்கு அயர்லாந்தின் கிராம வீடுகளில் சமையலறைதான் பெரிய அறை. கணப்பு இருப்பதும் அங்கே, அக்கம்பக்கத்தார் வந்து உட்காருவதும் அங்கே, இரவில் நடனம் நடப்பதும் அங்கே. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் செட் நடனத்துக்கு அந்தத் தரை போதும். ஆடுகிறவர்கள் காலால் தரையில் தாளத்தைத் தட்டிக்கொண்டே ஆடுவார்கள். ஒலிபெருக்கி கிடையாது. ஒரே ஒருவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பார், அத்தனை காலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அங்கே நல்ல வாசிப்புக்கு ஒரே அளவுகோல்தான்: கால் எழுந்ததா இல்லையா. மெட்டு எவ்வளவு சிக்கலானது, விரல் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அப்புறம். ஐரிஷ் இசைஞர்கள் இன்றும் ‘லிஃப்ட்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கேட்கிறவரின் உடம்பைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்குகிற தாளம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். ஜோவுக்குக் கிடைத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அடுப்பங்கரை உலகத்துக்கு ஜோவின் பதினோராவது வயதில் ஓர் அடி விழுந்தது. 1935-இல் அயர்லாந்து அரசு பொது நடன அரங்குகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. நடன நிகழ்ச்சி நடத்த உரிமம் வேண்டும் என்பது விதி. ஊர்ப் பாதிரியார்களும் காவலர்களும் பல இடங்களில் இந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்து வீட்டு நடனங்களையும் ஒடுக்கினார்கள். நடனம் வீட்டைவிட்டு வெளியேறி, உரிமம் பெற்ற அரங்குகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அரங்கு பெரிது, கூட்டம் பெரிது. ஒற்றை ஃபிடில் (வயலின்) அங்கே எடுபடாது. அதனால் ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ, டிரம் எல்லாம் சேர்ந்த ‘கெய்லி’ இசைக்குழுக்கள் பெருகின. இந்த மாற்றத்தால் சத்தமான கருவியான அக்கார்டியனுக்கு மவுசு கூடியது. வீட்டுக்குள் கற்றதை அரங்குக்குள் எடுத்துப்போக வேண்டிய தலைமுறையில் ஜோ வளர்ந்தார்.

1946-இல் எல்லைக்கு அந்தப் பக்கம், கிளேர் மாவட்டத்தில் டல்லா என்ற ஊரின் பெயரில் ஒரு கெய்லி குழு உருவானது. பி. ஜே. ஹேய்ஸ், பேடி கேனி போன்ற அருமையான ஃபிடில்காரர்கள் அதில் இருந்தார்கள். (இன்று உலகமெங்கும் ரசிகர்கள் உள்ள மார்ட்டின் ஹேய்ஸ், இந்த பி. ஜே. ஹேய்ஸின் மகன்.) டல்லா குழுவின் ஆரம்ப காலத்து அக்கார்டியன்காரர் ஜோ கூலி. கிழக்கு கிளேர் ஃபிடில் வாசிப்பு அவசரப்படாதது. நடன மெட்டிலும் ஓர் ஏக்கம் கசியும். ஜோவின் வாசிப்பில் எனக்குக் கேட்கிற தனிமை அந்த ஃபிடில்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்த வருடங்களில் ஊறியது என்றே படுகிறது. வீட்டில் கிடைத்தது தாளம், டல்லாவில் கிடைத்தது ஏக்கம்.

பகலில் அவருக்குக் கட்டட வேலை. டப்ளினிலும் வேலை பார்த்தார். வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனார், போன இடத்திலெல்லாம் பெட்டியும் கூடப் போனது. ஜோ லியரி என்ற ஃபிடில்காரர் அந்நாளில் அவருக்கு உற்ற துணை. இருவரும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இரவு முழுக்கக் கச்சேரிதான்.

இனி பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஜோ கூலி ஏன் ஜோ கூலி ஆனார் என்பதற்குப் பாதிக் காரணம் இயந்திரத்தில் இருக்கிறது.

1829-இல் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற அக்கார்டியனில் ஒலி பிறக்கும் முறை நம் ஆர்மோனியத்தில் உள்ளதுதான்: காற்று போகும் வழியில் ஓர் உலோக நாக்கு அதிர்கிறது. ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் எப்போதும் ஒரே சுரம் வரும். மெலோடியன் குடும்பத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் இரண்டு சுரங்கள் உண்டு. துருத்தியை உள்ளே அழுத்தினால் ஒரு சுரம், அதே பொத்தானை விடாமல் வெளியே இழுத்தால் வேறு சுரம். மௌத் ஆர்கன் வாசித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் இன்னொன்று.

ஒற்றை வரிசையில் ஒரே ஒரு சுருதிக்கு உரிய சுரங்கள்தான் கிடைக்கும். இடையில் விட்டுப்போன சுரங்களுக்காக அரைச் சுரம் தள்ளி இன்னொரு வரிசையைச் சேர்த்தார்கள். அதுவே இரட்டை வரிசை பட்டன் அக்கார்டியன். அரைச் சுரம் தள்ளி என்றால் எந்தச் சுருதியில் தொடங்கி? இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், ஒரு வகைப் பெட்டியில் வரிசைகள் டி, சி ஷார்ப். இன்னொரு வகையில் பி, சி. ஐரிஷ் நடன மெட்டுகளில் பெரும்பாலானவை டி அல்லது ஜி சுருதியில் அமைந்தவை. ஆகவே ஒரே டி சுருதி மெட்டை இந்த இரண்டு பெட்டிகளிலும் வாசிக்கும்போது துருத்தி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

டி-யை ஷட்ஜமாக வைத்து சங்கராபரண ஆரோகணத்தை எடுத்துக்கொள்வோம். டி வரிசை உள்ள பெட்டியில் ச அழுத்தல், ரி இழுத்தல், க அழுத்தல், ம இழுத்தல், ப அழுத்தல், த இழுத்தல், நி இழுத்தல், மேல் ச அழுத்தல். ஏழு நகர்வுகளில் ஆறு முறை துருத்தி திசை மாற வேண்டும். இரண்டாம் வரிசைக்குப் போக வேண்டிய அவசியம் அதிகமில்லை. கைசிகி நிஷாதம் போல அந்நியமான சுரம் தேவைப்படும்போது எட்டிப் பார்த்தால் போதும். பி, சி வரிசைப் பெட்டியிலோ இதே ஆரோகணத்துக்கு விரல்கள் இரண்டு வரிசைக்கும் இடையே தாவ வேண்டும். ஆனால் துருத்தி ரொம்ப நிம்மதியாக இருக்கும். ச, ரி இரண்டும் இழுத்தல், க, ம இரண்டும் அழுத்தல், ப, த, நி, ச நான்கும் இழுத்தல். இரண்டே திசைமாற்றம்.

ஆறுக்கும் இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் காதுக்கு எப்படிக் கேட்கும்? துருத்தி ஒரே திசையில் போகும்போது சுரங்கள் வழுக்கிக்கொண்டு இணையும். ஃபிடிலில் ஒரே வில்லிழுப்பில் நான்கு சுரம் வருவது போல. பைப்பர்களும் (காற்றுப்பைக் குழல் வாசிப்பவர்கள்) ஃபிடில்காரர்களும் போடும் நுண்ணிய அசைவுகளை அப்படியே கொண்டுவரலாம். திசை மாறிக்கொண்டே இருந்தாலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனி மூச்சு கிடைக்கிறது. இரண்டு சுரத்துக்கு நடுவில் மயிரிழை அளவு இடைவெளி, அடுத்த சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு உதைப்பு. அந்த உதைப்பு வாசிப்பவரின் தோளிலிருந்து வருகிறது, விரலிலிருந்து அல்ல. அதைத்தான் ஆடுகிறவரின் கால் பிடித்துக்கொள்கிறது.

ஜோ வாசித்தது டி, சி ஷார்ப் பெட்டி. அப்பா அம்மாவின் ஒற்றை வரிசை மெலோடியனில் கை பழகிய இயக்கத்தை அவர் விடவே இல்லை. இரண்டாவது வரிசை கிடைத்தபோதும் அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதல் வரிசையிலேயே அழுத்தி இழுத்து வாழ்ந்தார். அவருடைய இசைக்கு யார் முன்னோடி என்று கேட்டால் இசைத்தட்டுகளைத் தேட வேண்டாம் என்று சொல்வேன். பீட்டர்ஸ்வெல் வீட்டின் அந்த இரண்டு மெலோடியன்கள் போதும்.

ஆனால் காலத்தின் காற்று எதிர்த்திசையில் வீசியது. டிப்பரரி மாவட்டம் நீனா அருகே 1922-இல் பிறந்த பேடி ஓ'பிரையன் பி, சி முறையை ஓர் உயர்ந்த கலையாக வளர்த்தெடுத்தார். அவருடைய அப்பா ஃபிடில்காரர். ஃபிடிலின் வளைவு நெளிவெல்லாம் அக்கார்டியனிலும் வர வேண்டும் என்பது மகனின் தவம். 1950-களின் தொடக்கத்தில் அவர் பதிவுசெய்த 78 சுழற்சி இசைத்தட்டுகளைக் கேட்டு நாடு முழுவதும் இளைஞர்கள் தங்கள் பெட்டிகளை மாற்றினார்கள். பழைய அழுத்தல்-இழுத்தல் முறை கிழவர்களின் வாசிப்பு என்று ஆகிவிட்டது. 1951-இல் மல்லிங்கரில் ‘ஃப்ளா’ என்ற மரபிசை விழா முதன்முதலாகத் தொடங்கி போட்டிகள் பெருகியபோது, நுணுக்கமான அசைவுகளுக்கு மதிப்பெண் கிடைத்தது, பி, சி முறைக்கு இன்னும் செல்வாக்கு ஏறியது. பின்னால் வந்த ஜோ பர்க் போன்ற மேதைகளும் அந்த வழியில் நடந்தவர்களே.

ஓ'பிரையனும் டல்லா குழுவில் இருந்தவர்தான். இரண்டு முறைகளின் இரண்டு பெரிய ஆட்களும் ஒரே குழுவில், வெவ்வேறு சமயத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று நவீனம், மற்றொன்று பழமை என்று கோடு போட்டுப் பிரிப்பது எளிது. ஆனால் நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். ஓ'பிரையன் மெட்டுக்குள்ளே போனார். ஜோ மெட்டை ஆடுகிறவர் காலடியில் கொண்டுபோய் வைத்தார். இரண்டும் வேண்டியவை.

பெட்டியின் அமைப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து வளர்ந்த ஜோ டெரேன் வாசித்ததும் டி, சி ஷார்ப் பெட்டிதான். ஆனால் அவர் கையில் அது சரவெடி. படபடவென்று விழும் மும்மைச் சுரங்கள், கூர்மை, பளபளப்பு. ஜோ கூலியிடம் அந்த மினுக்கு கிடையாது. அசைவுகள் குறைவு. வேகமும் மிதம். ஒரே மெட்டை மூன்றாம் சுற்று வாசிக்கும்போதும் பெரிதாக எதையும் மாற்ற மாட்டார். ஆனாலும் அந்த மூன்றாம் சுற்றில் அறையின் வெப்பம் கூடியிருக்கும். எப்படி என்று கேட்டால் எந்த நுணுக்கத்தையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. துருத்தியின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவது மட்டும் புரியும்.

1954-இல் ஜோ அமெரிக்காவுக்குப் போனார். ஓ'பிரையன் போனதும் அதே வருடம். இது தற்செயல் அல்ல, அந்தப் பத்தாண்டில் அயர்லாந்தை விட்டு வெளியேறியவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். முப்பது லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள நாட்டில் இது என்ன எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள். கிராமங்களில் ஆட ஆள் இல்லாமல் போனது. ஆடுகிறவர்கள் எல்லாம் லண்டனிலும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இருந்தார்கள். பாஸ்டனின் டட்லி தெருவில் வரிசையாக ஐரிஷ் நடன அரங்குகள் இருந்தன. வார இறுதியில் கட்டடத் தொழிலாளிகளும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் அங்கே நிரம்பி வழிவார்கள். கால்கள் இருக்கும் இடத்துக்கு இசையும் போய்த்தானே ஆக வேண்டும்.

நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, கடைசியில் சான்பிரான்சிஸ்கோ என்று ஜோவின் பயணம் நீண்டது. சிகாகோவில் அவருடைய சகோதரர் சேமஸ் கூலி புல்லாங்குழல் வாசித்து அந்நகரின் ஐரிஷ் இசை வட்டத்தில் பெரிய பெயர் எடுத்தார். ஜோ எந்த ஊரிலும் ஒரு நிலைத்த தொழில்முறை இசைஞராக ஆகவில்லை. பகலில் உழைப்பு, இரவில் வாசிப்பு. ‘இசை வாழ்க்கை’ என்று நாம் சொல்லும்போது நினைக்கிற ஒப்பந்தங்கள், சுற்றுப்பயணங்கள், விருதுகள் எதுவும் அதில் இல்லை.

சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது விசேஷம். அறுபதுகளின் பிற்பாதி. அந்த ஊர் அப்போது நீள முடி வைத்த, பழைய சமூகத்தை வேண்டாம் என்று சொன்ன இளைஞர்களின் தலைநகர். ஐரிஷ் பின்னணியே இல்லாத பல இளைஞர்கள் மலைநாட்டுக் கால்வேக்காரர் ஒருவரின் அக்கார்டியனைத் தேடி வந்தார்கள். அவர் முகம் கோணாமல் கற்றுக்கொடுத்தார். அயர்லாந்தில் பிறந்த பலரே இந்த இசையைப் பட்டிக்காட்டுச் சரக்கு என்று ஒதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது. இந்த இசைதான் மனிதர்களைத் தெளிவுக்குக் கொண்டுவருகிறது என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை ஐரிஷ் இசைஞர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பதினெட்டு வருடம் கட்டட வேலை பார்த்த மனிதரின் வாயிலிருந்து வந்த சொல் அது. வெறும் பெருமைப் பேச்சாக அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அயர்லாந்திலும் இந்தக் கருவிக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. இசையமைப்பாளர் ஷான் ஓ ரியடா 1962-இல் வானொலியில் ஐரிஷ் இசை மரபைப் பற்றி ஒரு தொடர் நிகழ்த்தினார். நாட்டின் இசை ரசனையையே திருப்பிப்போட்ட தொடர் அது. அதில் அவர் அக்கார்டியனைக் கடுமையாகச் சாடினார்: அந்நியர்கள் செய்த கருவி, உயர்ந்த கருவியைக் கற்கப் பொறுமை இல்லாதவர்களுக்கானது என்கிற தொனியில். கெய்லி குழுக்களின் ஒரே மாதிரியான இரைச்சலைக் கேட்டு அலுத்துப்போன ஒருவரின் கோபம் அதில் இருக்கிறது, அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அவரே நிறுவிய கெயோல்டோரி குவாலன் குழுவில் சன்னி ப்ரோகன், ஏமன் டி பூட்லேர் என்று அக்கார்டியன்காரர்கள் இருந்தார்கள். குற்றம் பெட்டியிலா, அதைப் பிடித்த கையிலா என்ற கேள்விக்கு அந்தக் குழுவே ஒரு பதில்.

1972-இல் ஜோ ஊர் திரும்பினார். அவர் விட்டுப்போன அயர்லாந்து அங்கே இல்லை. சீஃப்டன்ஸ், பிளாங்ஸ்டி போன்ற குழுக்கள் மரபிசையை இளைஞர்களிடம் சேர்த்திருந்தன. அடுப்பங்கரை நடனம் போய், மதுக்கடையில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் ‘செஷன்’ பழக்கம் வந்திருந்தது. ஒரு தலைமுறையாகக் காதால் மட்டும் கேள்விப்பட்ட மனிதர் நேரில் வந்திருக்கிறார் என்றதும் அவர் வாசிக்கும் கடைகளுக்கு ஜனம் திரண்டது. அந்தக் கொண்டாட்டம் இரண்டு வருடம்கூட நீடிக்கவில்லை.

இப்போது அந்த லஹிஃப் கடைப் பதிவுக்குத் திரும்புகிறேன். ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுத்த தட்டுகளோடு ஒப்பிட்டால் இது சுத்தமான பதிவு அல்ல. பேச்சுக்குரல் கேட்கிறது. மெட்டு சூடு பிடிக்கும்போது யாரோ உற்சாகமாகக் கூவுகிறார்கள். முதல் முறை கேட்டபோது இந்தச் சத்தமெல்லாம் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். நான்கைந்து முறை கேட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. ஜோ வாசித்தது அந்தக் குரல்களுக்காக. ஒரு கூவல் எழுந்ததும் அடுத்த சுற்றில் துருத்தி இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுபடுவதைக் கேட்கலாம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டால், உதைப்புகள் வெறும் தாள எண்ணிக்கையில் விழவில்லை என்பது தெரியும். எண்ணிக்கைக்கு மயிரிழை முன்னதாகவோ பின்னதாகவோ வந்து விழுகின்றன. இந்த நழுவலை எந்தச் சுரக்குறிப்பிலும் எழுத முடியாது. மூன்று வாரத்தில் இறக்கப்போகிற ஒருவரின் சோர்வு எங்கேயாவது கேட்கிறதா என்று தேடியும் பார்த்திருக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை.

அவருடைய தாக்கம் பரவிய விதத்தை டோனி மக்மஹனின் கதை சொல்லும். கிளேரின் என்னிஸ் நகரில் 1939-இல் பிறந்தவர் மக்மஹன். அவர் சிறுவனாக இருந்தபோது ஜோ கூலியும் ஜோ லியரியும் அந்த வீட்டுக்கு வந்து வாசிப்பார்கள். பையனின் ஆசையைப் பார்த்து முதல் அக்கார்டியனைக் கையில் கொடுத்தவரும் ஜோதான். அந்தப் பையன் வளர்ந்து அயர்லாந்தின் மிக முக்கியமான அக்கார்டியன் கலைஞர்களில் ஒருவரானார், ஆர்.டி.இ. ஒலிபரப்பு நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்து மரபிசை நிகழ்ச்சிகளை உருவாக்கினார். ஜோவின் கடைசி வாசிப்பு தட்டாக வெளிவந்ததற்குப் பின்னால் நின்றவரும் அவரே.

ஆனால் மக்மஹன் தன் குருவைப் போலவே வாசித்தவர் இல்லை. நடன மெட்டுகளில் ஜோவின் நிழல் தெரியும். மெதுவான ராகங்களில் அவர் வேறு பாதை போனார். தாளமே இல்லாமல், பழைய கேலிக் மொழிப் பாடல்களின் மெட்டுகளை, பாடகர் மூச்சு விடும் இடத்தில் துருத்தியும் மூச்சு விடும்படி வாசித்தார். அக்கார்டியனில் இது எவ்வளவு கடினம் என்பது வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும். காற்று தீர்ந்துகொண்டே இருக்கும், சுரம் நீண்டுகொண்டே போக வேண்டும். துருத்தியை மூச்சாக நினைக்கும் பாடத்தை அவர் ஜோவிடமிருந்து எடுத்து, நடனத்துக்கு வெளியே கொண்டுபோனார் என்பது என் கணிப்பு. 1985-இல் கான்செர்டினா என்ற சிறு துருத்திக் கருவியின் கலைஞர் நோயல் ஹில்லோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தட்டு, கார்க் மாவட்டத்தின் நாக்நகிரீ என்ற ஊரில் டான் கானல் மதுக்கடையில் பதிவானது. ஆடுகிறவர்களின் காலடிச் சத்தமும் அதில் உண்டு. ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டுக் கடையைத் தேடிப்போன அந்த முடிவில் லஹிஃப் கடையின் நினைவு இல்லாமல் இருக்க முடியாது. மக்மஹன் 2021-இல் மறைந்தார்.

கிழவர்களின் முறை என்று தள்ளிவைக்கப்பட்ட அழுத்தல்-இழுத்தல் வாசிப்பும் சாகவில்லை. கார்க்கின் ஜேக்கி டாலி இதே குடும்பத்துப் பெட்டியில் போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டு வகைகளை வாசித்து அதற்குப் புது மரியாதை தேடிக்கொடுத்தார். இன்று ஆரம்ப மாணவர்கள் எந்தப் பெட்டி வாங்குவது என்று கேட்டால், ஆசிரியர்கள் இரண்டு வழிகளையும் சமமாக வைத்துப் பேசுகிறார்கள். பீட்டர்ஸ்வெல்லுக்குப் பக்கத்து ஊரான கோர்ட்டில் ஜோவின் பெயரையும் விசில் கலைஞர் கீரன் காலின்ஸ் பெயரையும் சேர்த்து ஓர் இசைவிழா நடத்துகிறார்கள்.

அவர் பெயர் எல்லாவற்றையும்விட அதிகமாகப் புழங்குவது ஒரு மெட்டில். ரீல் என்பது ஒரு நடன மெட்டு வகை. ‘கூலிஸ் ரீல்’ என்றால் உலகத்தின் எந்த ஐரிஷ் செஷனிலும் தெரியும். புதிதாகச் சேருபவர்கள் முதலில் கற்கும் நான்கைந்து ரீல்களில் அதுவும் ஒன்று. மெட்டு அவருக்கு முன்பே இருந்தது, அவர் ஓயாமல் வாசித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். டி-யை ஷட்ஜமாக வைத்தால் அதன் முதல் நான்கு அளவுகள் (தாளச் சுற்றுகள், வரிக்கு ஒன்று) இப்படிப் போகும்:

ரி த த ப த , ரி த
த , ப த ச த ப ம
க ச ப ச த ச ப ச
க ச ப ச ச ப க ச

இரண்டாம் வரியில் வரும் ச மேல்ஸ்தாயி. நான்காம் வரியின் பிற்பாதி தொடங்கும் ச-வும் அப்படியே. இதை டி வரிசைப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். முதல் அளவில் ரி, த எல்லாம் இழுத்தல். ப வரும்போது மட்டும் ஒரு சொடுக்கு, உள்ளே அழுத்தித் திரும்ப வெளியே. இரண்டாம் அளவிலும் இழுத்தலே பெரும்பகுதி. அழுத்தச் சொடுக்கு மூன்று முறை விழுகிறது. துருத்தி விரிந்துகொண்டே போகிறது. மூன்றாம் அளவு தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். க, ச, ப மூன்றும் அழுத்தல் சுரங்கள். இரண்டு அளவுகளின் பதினாறு சுரங்களில் ஒரே ஒரு த மட்டும் வெளியே இழுக்கிறது; மற்ற பதினைந்தும் உள்ளே. விரிந்த துருத்தி மூடிக்கொண்டே வந்து, கடைசி ச-வில் கிட்டத்தட்ட இணைந்துவிடும். மெட்டு மறுபடி தொடங்கும் ரி-யில், துருத்தி மறுபடி திறக்கத் தொடங்கும்.